வேம்பின் கசப்பு எங்கே இருக்கிறது?

சேரருக்குப் பனை, சோழருக்கு ஆத்தி, பாண்டியருக்கு வேம்பு. மதுரையை ஆண்டவர்கள் கசப்புக்குப் பேர்போன மரத்தின் பூவையே குடிப்பூவாகச் சூடினார்கள். அந்தக் கசப்பு மரத்தில் இருக்கிறதா, நாவில் இருக்கிறதா?

1942இல் சலிமுஸ்ஸமான் சித்திக்கி வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின் உள்ளிட்ட கசப்புப் பொருள்களைப் பிரித்தெடுத்தார். அது பாதி விடைதான். அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, 1931இல், அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸின் ஆய்வுக்கூடத்தில் பி.டி.சி. என்னும் வேதித்தூள் காற்றில் பறந்தது. அருகிலிருந்தவர் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கோ கசக்கவே இல்லை.

2000இல் கசப்பை உணரும் ஏற்பிப் புரதங்களின் மரபணுக் குடும்பம் கண்டறியப்பட்டது. மனிதரிடம் இவை ஏறத்தாழ 25. நஞ்சை நாவிலேயே தடுக்கும் காவலர்கள் என்று இவற்றைக் கருதுகிறார்கள். அவற்றுள் டி.ஏ.எஸ்.2.ஆர்.38 என்னும் மரபணுவின் வேறுபாடே அன்றைய சச்சரவுக்குக் காரணம் என்று 2003இல் தெரிந்தது. புரதத்தில் மூன்று இடங்களில் அமினோ அமிலம் மாறினால் போதும், பி.டி.சி.யின் கசப்பு மறைந்துவிடும். இருவரும் உண்மையையே சொல்லியிருக்கிறார்கள்.

சுவை உண்பவரைப் பொறுத்தது என்பதை மிளைக் கந்தனாரின் குறுந்தொகைத் தோழியும் அறிவாள். முன்பு என் தோழி தந்த வேப்பங்காய் உனக்கு வெல்லக்கட்டியாயிருந்தது. இன்று பாரியின் பறம்புமலைத் தண்ணீரும் உவர்க்கிறதா என்று தலைவனைக் கேட்கிறாள். ஃபாக்ஸைக் காப்பாற்ற ஒரு மரபணு இருக்கிறது. தலைவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் நாக்கு மாறவில்லை, மனம்தான் மாறிற்று.