கடல் எழுதிய கணக்கு

மத்தியதரைக் கடலின் மேற்குப் பாகத்திலே ஸ்பெயின் நாட்டுக்குரிய பலேரிக் தீவுகள் உள்ளன. அவற்றுட் பெரியது மயோர்க்கா. விடுமுறை நாட்களைக் கழிப்பதற்காக ஆண்டுதோறும் இலட்சோபலட்சம் மக்கள் அத்தீவிற்கு வருகின்றனர். கடற்கரை வெயிலை நாடி வருவோரே அவர்களுட் பெரும்பாலோர். எனினும் கிழக்குக் கரையிலுள்ள போர்த்தோ கிறிஸ்தோ என்னும் ஊருக்குச் சென்று, நிலத்தின் கீழ் அமைந்த திராக் குகைகளைக் காணாது திரும்புவோர் சிலரே. திராக் என்னும் சொல் வலுசர்ப்பத்தைக் குறிப்பது. பாதாளத்திலே புதையலைக் காத்துக் கிடக்கும் வலுசர்ப்பம் பற்றிய பழங்கதைகளை அப்பெயர் நினைவூட்டுகின்றது.

இக்குகைகள் தோன்றிய முறையை விளங்கிக்கொள்ளுதல் யாழ்ப்பாணத்து நேயர்களுக்கு அரிதன்று. மயோர்க்காவின் கிழக்குக் கரையும் யாழ்ப்பாணக் குடாநாடும், மயோசீன் எனப்படும் ஒரே புவியியற் காலத்திலே கடலடியிற் படிந்த சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. அது கல்லின் வெடிப்புகளினூடே இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கின்றது. கரையோரத்தில் அந்நன்னீர் கடலின் உவர்நீரோடு கலக்குமிடத்தில் அரிப்பு இன்னும் மிகுதியாகும். இவ்வாறு உண்டான வெற்றிடங்களின் கூரை இடிந்து விழ, குகைகள் விரிவடைகின்றன. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதற்குக் காரணமும் இத்தகைய அமைப்பே. பின்னர், கரைந்த சுண்ணாம்பைச் சுமந்து துளித்துளியாகச் சொட்டும் நீர், அதனைக் கூரையிலே ஆலம் விழுதுபோலவும் தரையிலே தூண்போலவும் மீண்டும் படியவைக்கின்றது. ஒரு விழுது ஒரு முழம் வளர்வதற்குள் மனித பரம்பரைகள் பல தோன்றி மறைந்துவிடும்.

மனிதர் இக்குகையினுள் முதலில் தேடியது பொருளையே. 1338ஆம் ஆண்டிலே, இங்கு புதையல் தேடுவதற்குத் தீவின் ஆளுநர் அனுமதி வழங்கியமை ஏட்டிலே பதிவாகியுள்ளது. குகையை அறிவதற்கென்றே அதனுட் புகுந்தோர் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே வந்தனர். 1880இல் வில் என்னும் ஜெர்மானியர் அதன் ஒரு பகுதியை அளந்து படம் வரைந்தார். பலேரிக் தீவுகளைப் பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெருநூலை எழுதிய ஆஸ்திரிய இளவரசர் லுட்விக் சல்வத்தோர், 1896இல் பிரான்சிய ஆராய்ச்சியாளர் எதுவார் மார்த்தெல் என்பாரை அங்கு வரவழைத்தார். மார்த்தெல் வழக்கறிஞர் தொழிலுக்குப் பயின்றவர். ஆயினும் வாழ்நாளைப் பாதாள ஆராய்ச்சிக்கே செலவிட்டவர். 1889இலேயே பிரான்சின் பதிராக் என்னும் குழியில் இறங்கி, மடக்கக்கூடிய சீலைப் படகிலே பாதாள ஆற்றைக் கடந்தவர். அவர் திராக் குகையின் அறியப்படாத பகுதிகளுட் சென்று, நூறு மீற்றருக்கு மேல் நீளமான ஏரியொன்றை உலகுக்கு அறிவித்தார். அது இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

மார்த்தெல் மங்கிய வெளிச்சத்திலே கண்ட அந்த ஏரிக்கு 1935இல் மின்னொளி வந்தது. பார்சலோனாவின் புகழ்பெற்ற நீரூற்றை அமைத்த கார்லெஸ் புயிகாஸ் என்னும் பொறியியலாளரே விளக்குகளை அமைத்தார். அக்காலந்தொட்டு ஏரியின்மேல் மிதக்கும் படகிலிருந்து வாத்தியக்காரர் இசை வழங்குதலும் வழக்கமாயிற்று. வலுசர்ப்பத்தின் இருப்பிடமெனப் பெயர்பெற்ற குகை, விடுமுறைக் காட்சியாக மாறியது.

ஆயினும் மயோர்க்காவின் குகைகள் அளித்த பெருஞ்செல்வம் அக்காட்சியன்று. 1909ஆம் ஆண்டிலே டொரொத்தியா பேட் என்னும் பிரித்தானியப் பெண்மணி அத்தீவின் குகை மண்ணைக் கிளறி, உலகம் அறியாத ஒரு விலங்கின் எலும்புகளைக் கண்டெடுத்தார். ஆட்டினத்தைச் சேர்ந்த அச்சிறு விலங்கின் கீழ்த்தாடை முன்பற்கள், எலியின் பற்களைப்போல வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டிருந்தன. அதனால் எலியாடு என்னும் பொருள்பட மயோத்திராகஸ் எனப் பெயரிடப்பட்டது. ஏறக்குறைய ஐம்பது இலட்சம் ஆண்டுகள் அதன் குலம் தீவிலே தனித்து வாழ்ந்தது. அது அழிந்த காலமும் மனிதர் அங்கு குடியேறிய காலமும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன. ஆகவே மனிதர் எப்பொழுது வந்தனர் என்னும் வினா முதன்மை பெற்றது.

அவ்வினாவுக்கு ஒரு விடையைக் குகை நீரே அளித்துள்ளது. கரையோரக் குகைகளின் ஏரிகள் கடலோடு தொடர்புடையவை. கடல் உயர்ந்தால் அவையும் உயரும். கடல் தாழ்ந்தால் அவையும் தாழும். நீர்மட்டம் நெடுங்காலம் ஓரிடத்தில் நிற்கும்போது, அந்நீரைத் தொடும் கல் விழுதுகளைச் சுற்றிப் பளிங்குப் பட்டையொன்று படிகின்றது. மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகச் சிறிதாதலால் அப்பட்டை கடல் மட்டத்தைத் திருத்தமாகக் காட்டும். அதிலுள்ள யுரேனியம் சிதைந்த அளவைக் கொண்டு அதன் வயதைக் கணிக்கலாம்.

அக்கிழக்குக் கரையிலேயே உள்ள ஜெனோவேசா என்னும் குகையில், பெருங்கற்களை அடுக்கி மனிதர் அமைத்த 7.7 மீற்றர் நீளமான பாலமொன்று இன்று நீரினுள் அமிழ்ந்து கிடக்கின்றது. பழைய நீர்மட்டம் அதன்மீது விட்டுச்சென்ற அடையாளத்தைப் பளிங்குப் பட்டைகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், அது 5,600 ஆண்டுகளுக்கு முன்னரேயே கட்டப்பட்டது என 2024இல் அறிவித்தனர். ஏறக்குறைய 4,400 ஆண்டுகளுக்கு முன்னரே முதற்குடிகள் வந்தனர் என்ற கருத்து இதனால் ஆட்டங் கண்டது. எழுத்தறியாத ஒரு மக்களின் வருகைக்குக் கடலே சாட்சி கூறியது.

அதனினும் பழைய பட்டைகளும் உள. ஆர்த்தாக் குகையிலுள்ள படிவுகளை ஆராய்ந்தோர் 2019இல் ஒரு முடிவை வெளியிட்டனர். ஏறக்குறைய 32 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், புவி கைத்தொழில் யுகத்தின் தொடக்கத்திலிருந்ததைவிட 2 முதல் 3 பாகை செல்சியஸ் வெப்பமாயிருந்த காலத்தில், கடல் இன்றைய மட்டத்தினும் 16 மீற்றர் உயர்ந்து நின்றது என்பதே அம்முடிவு. இத்தகைய ஏற்றம் ஓரிரு தலைமுறைகளில் நிகழ்வதன்று. பனிப்பாறைகள் உருகப் பல நூற்றாண்டுகள் வேண்டும். ஆயினும் 1901 முதல் 2018 வரை உலகின் கடல் மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. அவ்வேகம் கூடியும் வருகின்றது. கடலை அண்டி வாழ்வோர்க்கும், சுண்ணாம்புக் கல்லினுள் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையை நம்பிக் கிணறு இறைக்கும் குடாநாட்டு மக்களுக்கும் இக்கணக்கு அயலார் கணக்காகாது. கடல் உயருமிடத்து உவர்நீரும் உள்ளே ஏறும்.

குகையினுட் செல்வோர் விழுதொன்றை நினைவுப் பொருளாக ஒடித்தெடுத்தல் உலகெங்கும் நிகழ்ந்த சிறுமை. ஒடிந்த அத்துண்டில் எவரும் இன்னும் படியாத ஒரு காலப் பதிவு இருந்திருக்கக் கூடும். ஏடு அழிந்தால் படியெடுத்த வேறொன்றைத் தேடலாம், இதற்குப் படியில்லை. விடுமுறைக்காகச் செல்பவர் ஒரு மணி நேர அழகைக் கண்டு மகிழட்டும். அவ்வழகிலே கை வையாது திரும்புவாராயின், பின்வரும் தலைமுறைக்கு அவர் ஒரு சாட்சியத்தைக் காத்துக் கொடுத்தவராவார்.