குரல் யாருக்குச் சொந்தம்? பின்னணிக் குரல் துறையில் முகவர்களின் பங்கு

1985ஆம் ஆண்டில், அமெரிக்கக் கார் நிறுவனமான ஃபோர்டுக்கு விளம்பரம் தயாரித்து வந்த யங் அண்ட் ரூபிக்கம் நிறுவனம், பாடகி பெட் மிட்லரின் முகவரைத் தொலைபேசியில் அழைத்தது. கேட்கப்படுவது விளம்பரப் பணி என்று அறிந்ததும், அதில் விருப்பமில்லை என்று முகவர் மறுத்துவிட்டார்.

ஆனால் விளம்பர நிறுவனம் அத்துடன் நிற்கவில்லை. மிட்லரிடம் முன்னர் துணைப் பாடகியாக இருந்த ஒருவரை அமர்த்தி, மிட்லரைப் போலவே பாடவைத்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது. புகழ்பெற்ற ஒருவரின் தனித்தன்மை வாய்ந்த குரலைப் பொருள் விற்பதற்காகத் திட்டமிட்டுப் போலி செய்வது சட்டப்படி தவறு என 1988இல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மிட்லருக்கு 4 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2024 மே மாதத்தில், இதை நினைவூட்டும் சர்ச்சை ஒன்று எழுந்தது. சாட்ஜிபிடி செயலிக்குக் குரல் தருமாறு ஓபன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன் 2023 செப்டம்பரில் கேட்டதாகவும், தாம் மறுத்ததாகவும் நடிகை ஸ்கார்லெட் ஜொஹான்சன் தெரிவித்தார். புதிய குரல் வசதி அறிமுகமாவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு தமது முகவரிடம் மீண்டும் கேட்கப்பட்டதாகவும் அவர் கூறினார். அக்குரல் வேறொரு நடிகையுடையது என்று ஓபன்ஏஐ விளக்கம் அளித்தது. எனினும் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது.

இரு சம்பவங்களிலும் குரலை நாடியவர்கள் கலைஞரின் முகவரை அணுகினார்கள். இரண்டிலும் கிடைத்தது மறுப்பே.

பத்து சதவீதக் கணக்கு

அமெரிக்காவில் விளம்பரம், அசைவூட்டப் படம், கணினி விளையாட்டு, ஒலிநூல் ஆகியவற்றுக்குக் குரல் தருவோருக்கு முகவர் வெறும் வேலை தேடித் தருபவர் அல்லர். குரல் தேர்வுக்கான அழைப்புகளைத் தெரிவு செய்து அனுப்புவது, ஊதியம் பேசுவது, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது, பணத்தை வசூலிப்பது எல்லாம் அவரது பொறுப்பு.

இதற்கான தரகு, தொழிற்சங்க விதிகளின்படி ஊதியத்தில் 10 சதவீதம். கலிஃபோர்னியாவில் முகவராக இயங்க மாநிலத் தொழிலாளர் ஆணையரின் உரிமம் வேண்டும். கலைஞர்களிடம் பதிவுக் கட்டணம் வசூலிப்பதற்கும் அங்கு தடை உள்ளது. கலைஞர் சம்பாதித்தால்தான் முகவரும் சம்பாதிக்க முடியும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

விளம்பரம் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு முறைக்கும் ஊதியம் பெறும் முறையைக் காக்க, 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நடிகர் சங்கங்கள் ஆறு மாதகாலம் வேலைநிறுத்தம் செய்தன. ஒரே தொகையைக் கொடுத்து முடித்துக்கொள்ள விளம்பரதாரர்கள் விரும்பியதே அதற்குக் காரணம். குரல் பதிவாகும் நேரத்துக்கு மட்டுமல்லாமல், அது பயன்படும் காலத்துக்கும் விலை உண்டு என்பதுதான் அப்போதைய வாதம். முகவர்கள் பேரம் பேசுவதும் பெரும்பாலும் இதைச் சுற்றியே.

பெயரில்லாத குரல்கள்

மிட்லரையும் ஜொஹான்சனையும் காத்ததில் அவர்களது புகழுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னணிக் குரல் கலைஞர்களில் பெரும்பாலானோரின் முகமோ பெயரோ வெளியே தெரிவதில்லை.

அட்லாண்டாவைச் சேர்ந்த குரல் கலைஞர் சூசன் பென்னட், 2005 ஜூலையில் ஏராளமான வாக்கியங்களைப் பேசிப் பதிவு செய்தார். 2011இல் ஆப்பிள் நிறுவனம் சிரி வசதியை அறிமுகப்படுத்தியபோது, அதில் ஒலிப்பது தமது குரல்தான் என்பதை நண்பர் ஒருவர் சொல்லியே அவர் அறிந்தார். பதிவுக்கு ஊதியம் கிடைத்தது. சிரியின் பயன்பாட்டுக்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை.

கனடாவின் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்புப் பணிக்கெனத் தாம் பதிவு செய்த குரல் டிக்டாக் செயலியில் அனுமதியின்றிப் பயன்பட்டதாக 2021இல் வழக்குத் தொடர்ந்தார். அது அதே ஆண்டில் சமரசத்தில் முடிந்தது.

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதியும், வாடிக்கையாளரைக் கலைஞருடன் நேரடியாக இணைக்கும் இணையச் சந்தைகளும் முகவரின் இடத்தைச் சுருக்கியுள்ளன. இதனால் சிறு நகரத்தில் இருப்பவருக்கும் வாய்ப்புக் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள நுணுக்கமான வாசகங்களை அவர் தனியாகவே எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

சட்டம் சொல்வது என்ன?

செயற்கை நுண்ணறிவு இந்த வாசகங்களின் கனத்தைக் கூட்டியிருக்கிறது. ஒரு நாள் பதிவிலிருந்து உருவாக்கப்படும் நகல் குரல், அக்கலைஞர் பின்னாளில் செய்யக்கூடிய வேலையையே பறித்துவிட முடியும். கணினி விளையாட்டுத் துறையில் 2024 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் மையப் பிரச்சினை இதுவே. ஒப்புதலின்றி நகல் குரலைப் பயன்படுத்துவதற்கு எதிரான பாதுகாப்புகள் அடங்கிய உடன்பாட்டை 2025 ஜூலையில் சங்க உறுப்பினர்கள் ஏற்றனர்.

2025 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டமும் கவனத்துக்குரியது. கலைஞர் நேரில் செய்திருக்கக்கூடிய பணிக்கு நகல் குரலைப் பயன்படுத்த இடம்தரும் ஒப்பந்த வாசகம், பயன்பாட்டைத் தெளிவாக விவரிக்காமலும், கலைஞர் தரப்பில் வழக்கறிஞரோ தொழிற்சங்கமோ இல்லாமலும் எழுதப்பட்டிருந்தால் செல்லாது என்கிறது அது. முகவர் மட்டும் உடனிருந்தால் போதும் என்று இச்சட்டம் சொல்லவில்லை.

அதனால் முகவர் தேவையற்றவராகிவிட்டார் என்று பொருளல்ல. வழக்கறிஞர் பெரும்பாலும் ஒப்பந்தம் மேசைக்கு வந்த பின்னரே அழைக்கப்படுகிறார். முதல் தொலைபேசி அழைப்பு வருவது முகவருக்குத்தான். அந்தக் குரல் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, நகலெடுக்கப்படுமா என்ற மூன்று கேள்விகளை அப்போதே கேட்பவர்தான் இன்று அவரது 10 சதவீதத்துக்கு உரியவர். முகவர் இல்லாதவர்கள் அக்கேள்விகளைத் தாங்களே கேட்டாக வேண்டும்.