கணக்கில் சேர்ந்த கைகள்: குமாரமங்கலம் மந்திரிசபையும் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகளும்



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், ஒவ்வொரு தேர்தலின்போதும் எங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "கூட்டணி போட்டாச்சு, சரி. நம்ம கை யாரு கணக்குலப்பா ஏறுது?" அப்போது நாங்கள் சிரித்திருக்கிறோம். சட்டசபை வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று புரிந்தது. அந்தக் கேள்வியை நூறாண்டு பின்னுக்கு எடுத்துச் சென்று, நம் மண்ணிலிருந்து புறப்பட்ட ஒரு மந்திரிசபையின் கதையோடு வைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது குமாரமங்கலம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். அதற்கு முன் இதெல்லாம் சேலம் ஜில்லா. அந்தக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், 1926 டிசம்பர் முதல் 1930 அக்டோபர் வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரி. மாணவர்கள் பலருக்கு அவரைவிட அவருடைய பிள்ளைகளின் பெயர்தான் தெரியும்: தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் குமாரமங்கலம், மோகன் குமாரமங்கலம், பார்வதி கிருஷ்ணன். ஜமீன் வீட்டிலிருந்து இரண்டு பொதுவுடைமையர் வந்த கதை சுவையானது. ஆனால் அது வேறொரு நாள் பேச வேண்டியது.

1926 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட 98 இடங்களில் சுயராஜ்யக் கட்சிக்கு 41, அதுவரை ஆண்ட நீதிக்கட்சிக்கு 21. பெரிய கட்சியான சுயராஜ்யக் கட்சி, இரட்டையாட்சியில் பதவி ஏற்பதில்லை என்ற காங்கிரஸ் முடிவால் மந்திரிசபை அமைக்க மறுத்தது. நீதிக்கட்சியும் ஒதுங்கிக்கொண்டது. கவர்னர் கோஷன் பிரபு, கட்சி சாராதவர் என்று நின்ற சுப்பராயனைக் கூப்பிட்டார். ஏ. ரங்கநாத முதலியாரும் ஆர்.என். ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் மந்திரிகள் ஆனார்கள். பதவி வேண்டாம் என்ற சுயராஜ்யக் கட்சியே வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தது. "வெளியிலிருந்து ஆதரவு" என்பது ஏதோ 1990களில் டெல்லியில் கண்டுபிடித்த சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொந்தக் கட்சி இல்லாத ஒருவர் எந்தக் கையை நம்பி ஆண்டார்? சபையின் மொத்த உறுப்பினர்கள் 132. அதில் 34 பேர் கவர்னரின் நியமனம். சர்க்கார் அதிகாரிகள் அதில் அடக்கம். நம்மவர்களும் அதில்தான் அடக்கம். சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த காலம்; சேரியிலிருந்து ஒருவர் தேர்தலில் நின்று ஜெயித்து வர வழியில்லை. 1919 சீர்திருத்தத்தின் விதிகள் பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், தொட்டியர், செருமர், ஹொலயர் என்று ஒன்பது சாதிகளை அடுக்கிவிட்டு அவர்கள் எல்லோருக்குமாக ஐந்து நியமன இடங்களை ஒதுக்கின. எம்.சி. ராஜா, ரெட்டைமலை சீனிவாசன், அருந்ததியர்களுக்காகப் பேசிய எல்.சி. குருசாமி போன்றவர்கள் இந்த நியமன வாசல் வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

இவர்களைக் கவர்னரின் கைப்பாவைகள் என்று எழுதுகிற வழக்கம் தேசிய வரலாற்றிலும் உண்டு, திராவிட இயக்க வரலாற்றிலும் உண்டு. அது நியாயமில்லை. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று பதிய வேண்டும் என 1922-ல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் ராஜா. பொதுச்சாலை, பொதுக்கிணறு, சர்க்கார் கட்டடம் எதுவாயினும் எவரும் போகலாம், புழங்கலாம் என்ற தீர்மானத்தை 1924-ல் கொண்டுவந்தவர் ரெட்டைமலை சீனிவாசன். அது அரசாணையாகவும் வந்தது. இன்று நாம் பேசும் சிவில் உரிமைச் சட்டங்களுக்கெல்லாம் மூத்த ஆணை அது. நியமனத்தில் போனவர்கள்தான் செய்தார்கள்.

ஆணை காகிதத்தில் வந்தாயிற்று. ஊரில் அதை நடத்த வேண்டியவர் யார்? கிணறும் சாலையும் சத்திரமும் ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளின் பொறுப்பில் இருந்தன. அந்தப் போர்டுகளில் ஒரு பகுதி உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் ஸ்தல ஸ்தாபன மந்திரியின் கையில் இருந்தது. அன்றைய அரசியலில் "பதவி வேட்டை", "சலுகை", "வேண்டியவனுக்கு வேண்டியது" என்று எழுந்த குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி இந்தப் போர்டு நியமனங்களைச் சுற்றியதுதான். பனகல் அரசர் காலத்திலேயே இந்தப் புகார் எழுந்தது. 1923 நவம்பரில், நீதிக்கட்சியிலிருந்தே பிரிந்துவந்த சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார், மந்திரிசபை தப்பியது. சட்டசபையில் ஒரு ஓட்டு வேண்டுமென்றால் அந்த உறுப்பினரின் ஊரில் ஒரு போர்டு நாற்காலி கொடுத்தால் போதும். ரொக்கம் கைமாற வேண்டியதில்லை.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூட்டணிக்கு நாணயமாகப் புழங்கியது எந்த நாற்காலியோ, அதே நாற்காலியில்தான் நம் கிணற்றுக்கும் சாலைக்கும் சாவி இருந்தது. நிலக்கிழார் ஒருவரைப் போர்டுக்கு அனுப்பி அவர் தரப்பைக் கையில் வைத்திருக்கிற மந்திரி, அதே நிலக்கிழாரிடம் போய் "ஆதிதிராவிடர் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க ஏன் விடவில்லை" என்று விளக்கம் கேட்பாரா? நாற்காலி எனக்கு வரவில்லை, உனக்கு வந்துவிட்டது என்பதே அன்று ஒருவர் மேல் ஒருவர் சொன்ன ஊழல் புகாரின் சாரம். அந்த நாற்காலிச் சந்தையால் 1924 ஆணை ஊருக்குள் நுழையாமல் நின்றதே, அதை யாரும் ஊழல் கணக்கில் எழுதவில்லை.

1927 நவம்பரில் சைமன் கமிஷன் அறிவிக்கப்பட்டது. அதில் இந்தியர் ஒருவரும் இல்லை. பகிஷ்கரிக்க வேண்டும் என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் வந்து நிறைவேறியது. சுப்பராயன் பகிஷ்காரத்துக்கு உடன்படவில்லை. ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி விலகினார்கள். சுயராஜ்யக் கட்சி கையை எடுத்துக்கொண்டது. மந்திரிசபை விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. அதுவரை எதிர்த்து நின்ற நீதிக்கட்சி தாங்க வந்தது. அக்கட்சியின் எம். கிருஷ்ணன் நாயருக்கு கவர்னரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர் பதவி கிடைத்தது. சுயராஜ்யக் கட்சியிலிருந்து வந்த எஸ். முத்தையா முதலியாரும், எம்.ஆர். சேதுரத்தினம் ஐயரும் புது மந்திரிகள். ஓராண்டுக்கு முன் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரே பெஞ்சில். இதை அன்றைக்கு ராஜதந்திரம் என்றார்கள்.

சைமன் கமிஷனை நாடு முழுவதும் வெறுத்தது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். நம் தலைவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ராஜா, கமிஷனோடு சேர்ந்து இயங்கிய இந்திய மத்தியக் கமிட்டியில் உறுப்பினர். பம்பாய் மாகாணக் கமிட்டியில் டாக்டர் அம்பேத்கர் இருந்தார். காரணம் வெளிப்படையானது. பகிஷ்காரம் செய்தவர்களுக்குச் சட்டசபை இருந்தது, பத்திரிகை இருந்தது, காங்கிரஸ் மேடை இருந்தது. நம் மக்களுக்கு எழுதிக்கொடுக்கவும் வாய்விட்டுச் சொல்லவும் கிடைத்த இடம் அந்தக் கமிஷனின் மேசைதான். ஒரு பக்கத்துக்கு மானப் பிரச்சினை. இன்னொரு பக்கத்துக்கு மனுக் கொடுக்கும் வாய்ப்பு. சென்னைக் கூட்டணி முதல் பக்கத்தின் வாதத்தால் உடைந்தது, பதவிப் பங்கீட்டால் ஒட்டியது. இரண்டாம் பக்கத்தில் நின்றவர்களிடம் உடைந்தபோதும் பேரம் பேசவில்லை, ஒட்டியபோதும் பேரம் பேசவில்லை. எப்படியும் அவர்கள் கவர்னர் கணக்கில் இருக்கிறார்கள். எதற்குப் பேச வேண்டும்?

இந்த இரண்டாம் கூட்டணியின் காலத்தில்தான் முத்தையா முதலியாரின் வகுப்புவாரி ஆணை 1928-ல் நடைமுறைக்கு வந்தது. 12 பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 2, முஸ்லிம்களுக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. இதைச் சமூகநீதியின் முதல் படி என்று கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. சர்க்கார் வேலையில் நமக்கென்று ஒரு பங்கு எழுத்தில் ஏறியதே பெரிது. ஆனால் மாகாண மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறு, ஏழில் ஒரு பங்கினராக இருந்தவர்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று என்பது எந்தக் கணக்கு? தராசில் வைத்து நிறுத்த ஓட்டு இருந்தவர்களுக்கு நிறுத்துக் கொடுத்த கணக்கு. 1921 பெரம்பூர் மில் வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடர் பக்கம் நின்றதற்காக நீதிக்கட்சியோடு முரண்பட்டு 1923-ல் வெளியேறிய ராஜாவுக்கு, அந்தத் தராசு யார் கையில் இருக்கிறது என்று முன்பே தெரியும்.

திரும்பவும் நம் தாலுகாவுக்கு வருவோம். சுப்பராயன் சென்னையில் ஆண்டுகொண்டிருந்தபோது, திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தில் கதரோடும் மதுவிலக்குப் பிரசாரத்தோடும் இருந்தார் ராஜாஜி. ஒரே வட்டாரத்தில் ஜமீன் மாளிகையும் ஆசிரமக் குடிசையும். 1937-ல் இரண்டும் ஒரே மந்திரிசபையில் சேர்ந்தன: ராஜாஜி பிரதமர், சுப்பராயன் சட்டம், கல்வி மந்திரி. இப்போது கூட்டணிக்குத் தேவையே இல்லை. 215-ல் 159 இடம் காங்கிரசுக்கு. பூனா ஒப்பந்தப்படி மாகாணத்தில் தனித்தொகுதிகள் 30. அவற்றிலும் பெரும்பாலானவை காங்கிரசுக்கே. வி.ஐ. முனுசாமிப் பிள்ளை மந்திரியும் ஆனார்.

சுப்பராயனுக்கு ஒரு முன்கதை உண்டு. பதவியில் இல்லாத 1932 நவம்பரில், ஒடுக்கப்பட்டோரின் கோயில் நுழைவுக்கு ஆதரவாகச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அவர். மசோதாவும் தயாரித்தார், 1933 ஜனவரியில் வைசிராய் அனுமதி மறுத்துவிட்டார். அந்தக் காரியத்துக்காக அவரை மதிக்கிறேன்.

1938-ல் அதே காரியத்தை எம்.சி. ராஜா எடுத்தார். சிவில் தடைகளை நீக்கும் அவருடைய மசோதா சட்டமாயிற்று. கோயில் நுழைவு மசோதா வந்தபோது ராஜாஜி, முதலில் மலபாருக்கு மட்டும் போதும், மாகாணம் முழுமைக்கும் வேண்டாம் என்றார். ராஜா பின்வாங்கவில்லை. காந்திக்கு எழுதினார், ராஜாஜியை நம்புங்கள் என்று பதில் வந்தது. 1932-ல் மூஞ்சேயோடு ஒப்பந்தம் செய்து கூட்டுத் தொகுதியை நம்பியவர் ராஜா. அந்த நம்பிக்கைக்கு வந்த பதில் இது. மசோதா தோற்கடிக்கப்பட்டது. தனித்தொகுதியில் ஜெயித்து வந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டின்படி அதற்கு எதிராகக் கை தூக்கினார்கள். ஆறு வருடங்களுக்கு முன் இதே கோரிக்கையோடு எழுந்து நின்ற குமாரமங்கலத்துக்காரர், தோற்கடித்த மந்திரிசபையில் சட்ட மந்திரியாக இருந்தார்.

1926-ல் நம் கை கவர்னர் கணக்கில். 1938-ல் கொறடா கணக்கில். இரண்டுக்கும் நடுவில், 1932 செப்டம்பர் 24-ல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் எதற்காக அத்தனை பிடிவாதம் பிடித்தார் என்று கேட்கிற மாணவர்கள், 1938-ன் அந்த ஓட்டெடுப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் வந்தது. அந்த மந்திரிசபையிலும் சுப்பராயன் இருந்தார். ராஜா 1943-லேயே இறந்துவிட்டார். ரெட்டைமலை சீனிவாசன் 1945-ல். என் பாட்டிக்கு அந்தச் சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்குள் அவள் முதலில் போனது, நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்த வருடம். கூட என் அப்பாவும் நான்கு தோழர்களும் போனார்கள், வாசலில் போலீஸ் நின்றது.