சல்லடையும் சமையலறையும்: இத்தாலியர் இத்தாலியம் கற்ற வரலாறு

இத்தாலிய மொழியைப் பிறநாட்டார் கற்கத் தொடங்கும்போது முதற்பாடம் பெரும்பாலும் உணவைப் பற்றியதாகவே அமைகிறது. கடையில் காப்பி கேட்பதும் சந்தையில் தக்காளி விலை கேட்பதுமாகப் பாடநூல்கள் தொடங்கும். இதனை இக்காலப் பாடநூலாசிரியர்களின் உத்தி என்றே நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் இத்தாலியர் பலரும் தம் நாட்டுப் பொதுமொழியை அடைந்த வழிகளுள் ஒன்று சமையலறை வாயிலாகவே சென்றது.

தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சியோ ஆகிய மூவரும் 14ஆம் நூற்றாண்டிலேயே ஃபுளோரன்ஸ் நகரத்து மொழிக்கு இலக்கியத் தகுதியை ஈட்டித் தந்தனர். அம்மொழியே எழுத்துக்கு முன்மாதிரியாக வேண்டும் என 1525இல் பியெத்ரோ பெம்போ வாதிட்டார். 1583இல் ஃபுளோரன்ஸில் தோன்றிய மொழிக் கழகம் ‘க்ரூஸ்கா’ என்று தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. அச்சொல்லுக்குத் தவிடு என்பது பொருள். தவிட்டை நீக்கி மாவைப் பிரிக்கும் சல்லடைப் பொறியே அதன் சின்னம். 1612இல் அக்கழகம் வெளியிட்ட அகராதி, மொழியையும் அவ்வாறே சலித்தெடுத்தது. சலித்த மாவு ஏடுகளுக்குச் சென்றது. மக்களோ தத்தம் வட்டாரப் பேச்சிலேயே வாழ்ந்தனர். 1680இல் வட இத்தாலியில் பிறந்து நம்மிடையே வீரமாமுனிவராக விளங்கிய பெஸ்கி, செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் வகுத்தவர். ஏட்டு வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்னும் நிலை அவர் பிறந்த மண்ணுக்கும் புதிதன்று.

1861இல் இத்தாலி ஒரே அரசாயிற்று. அப்போது பொதுமொழியைக் கையாள வல்லவர் நூற்றுக்கு 2.5 பேரே எனத் துல்லியோ தெ மௌரோ 1963இல் கணக்கிட்டார். ஏறத்தாழப் பத்துப் பேர் என்பது பின்வந்த அர்ரிகோ கஸ்தெல்லானியின் கருத்து. எவ்வாறாயினும், நாட்டின் மொழி நாட்டினருக்கே அயலாக இருந்தது. மிலான் நகரத்தவரான மன்ஸோனி, 1827இல் வெளியிட்ட தம் நாவலை ஃபுளோரன்ஸ் மக்களின் உயிருள்ள வழக்கிற்கு ஏற்பத் திருத்தி 1840 முதல் 1842 வரை மீண்டும் வெளியிட்டார். அதுவும் படிக்கத் தெரிந்தோர்க்கே பயன்பட்டது. அக்காலத்தில் நால்வரில் மூவர் எழுத்தறியாதவர்.

இந்நிலையில்தான் பெல்லெக்ரீனோ அர்த்தூசி வருகிறார். 1820இல் ரொமாஞா வட்டாரத்துச் சிற்றூரான ஃபொர்லிம்போபொலியில் பிறந்தவர். 1851இல் கொள்ளைக் கூட்டமொன்று ஊரைச் சூறையாடிய பின் குடும்பத்துடன் ஃபுளோரன்ஸுக்குக் குடிபெயர்ந்த பட்டு வணிகர். அவர் எழுதிய ‘சமையலின் அறிவியலும் நன்றாக உண்ணும் கலையும்’ என்னும் நூலைப் பதிப்பிப்பார் இல்லாமையால், 1891இல் தம் கைப்பொருளைச் செலவிட்டு ஆயிரம் படிகள் அச்சிட்டார். 475 குறிப்புகளுடன் தொடங்கிய நூல், இருபது ஆண்டுகளில் 790 குறிப்புகளாக வளர்ந்தது. பல பகுதிகளிலிருந்து வாசகர்கள் கடிதங்களில் எழுதியனுப்பிய குறிப்புகளும், அவர் வீட்டுச் சமையலாள் மரியெத்தாவின் கைப்பக்குவமும் அதில் இடம்பெற்றன.

அவர் எழுதியது ஃபுளோரன்ஸின் அன்றாட மொழி. டஸ்கனிச் சொற்கள் எல்லோர்க்கும் விளங்கா என்பதை உணர்ந்து, நூலின் முகப்பிலேயே ஒரு சொற்பொருள் விளக்கம் தந்தார். அடுப்படியில் புழங்கும் கீரைகள், பண்டங்களின் பெயர்கள் வட்டாரந்தோறும் மாறின. இன்றும் தர்ப்பூசணி வடக்கே ‘அங்கூரியா’, டஸ்கனியில் ‘கொகோமெரோ’. அர்த்தூசியின் நூலில் ‘நேப்பிள்ஸ் பீட்ஸா’ என்பதோ பாதாமும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த ஓர் இனிப்பு! நாடு ஒன்றுபடுவதற்கு மன்ஸோனியின் நாவலைவிட இச்சமையல் நூலே மிகுதியாகத் துணைசெய்தது என 1970இல் பியெரோ கம்போரேசி எழுதியது மிகைக்கூற்றன்று.

எஞ்சிய பணியைப் பள்ளிகளும் படைமுகாம்களும், 1954இல் தொடங்கிய தொலைக்காட்சியும் செய்தன. 1960 முதல் 1968 வரை அல்பெர்த்தோ மன்ஸி என்னும் பள்ளி ஆசிரியர், கரியால் படம் வரைந்து காட்டி, எழுத்தறியா முதியோருக்குத் தொலைக்காட்சி வழியே எழுத்தறிவித்தார்.

பொதுமொழி வென்றது. ஆனால் அவ்வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. யுனெஸ்கோவின் அழிவை நோக்கும் மொழிகளின் வரைபட நூலில் லொம்பார்டி மொழியும், எமிலியா–ரொமாஞா மொழியும் இடம்பெற்றுள்ளன. முன்னது மன்ஸோனி பிறந்த மிலானின் பேச்சு. பின்னது அர்த்தூசி பிறந்த மண்ணின் பேச்சு. பொதுமொழிக்கு உழைத்த இருவரின் ஊர்ப்பேச்சுகளும் தேய்ந்துகொண்டிருக்க, அவற்றின் சுவடுகள் உணவுப் பெயர்களில் தங்கியுள்ளன. ‘ரிஸொத்தோ’வும் ‘பனெத்தோனே’யும் மிலான் தந்த சொற்கள், ‘பீட்ஸா’ நேப்பிள்ஸ் தந்தது. சல்லடை ஒதுக்கிய தவிட்டில் ஒரு பிடியைச் சமையலறை காத்துவைத்திருக்கிறது. இத்தாலியத்தை உணவின் வழியே கற்பவர், தாம் அறியாமலே அந்த ஊர்ப்பேச்சுகளையும் சிறிது கற்றுவிடுகிறார்.