என்ஜினுக்குக் குளிருமா?

சென்ற மார்கழியில் எங்கள் கொட்டிவாக்கத்துக் குடியிருப்பில் ஒரு வழக்கு மூண்டது. வாதி, தரைத்தளத்தில் வசிக்கும் ஓர் அம்மாள். பிரதிவாதி, முதல் மாடியில் இருக்கும் ஓய்வு பெற்ற அதிகாரி. அவர் தினமும் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதி பஜனைக்குப் போவார். போவதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. போவதற்கு முன்னால் பத்து நிமிஷம் காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கைகளைத் தேய்த்தபடி பக்கத்தில் நிற்பார். பனிக்காலத்தில் என்ஜினைச் சூடு பண்ணாமல் எடுத்தால் அதன் ஆயுள் குறைந்துவிடும் என்பது அவருடைய சித்தாந்தம். அந்தப் பத்து நிமிஷப் புகையும் நேரே அந்த அம்மாளின் படுக்கையறை ஜன்னலுக்குள் போயிற்று. உள்ளே இளைப்பு நோய் உள்ள ஏழு வயதுப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வழக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பிள்ளைக்கு எந்தக் காலேஜ், எந்த ஊர்ப் பெண், எந்த எண்ணெய் என்று எல்லாவற்றையும் அவனிடம் கேட்பார்கள். அவன் புஸ்தகத்தை மட்டும் வாங்க மாட்டார்கள்.

"நீங்களே சொல்லுங்கோ சார், குளிர்ல வண்டியைச் சூடு பண்ணணுமா, வேண்டாமா?" என்றார் பெரியவர்.

முதலில் குளிர் என்ற வார்த்தையைப் பற்றியே ஒரு சந்தேகம் வரவேண்டும். கொட்டிவாக்கம் கடற்கரை ஊர். தை, மார்கழி விடியற்காலையில் இங்கே உஷ்ணமானி இருபது, இருபத்தொரு டிகிரியைக் காட்டினால் அதிகம் இறங்கிவிட்டது என்று நாம் ஸ்வெட்டரைத் தேடுகிறோம். சென்னையின் பதிவேடுகளில் நிற்கும் மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான்; அதுவும் நூறு ஆண்டுகளுக்கு முந்திய கதை. கனடாவில் இருக்கும் நம் தமிழர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த நாட்டில் ராத்திரியெல்லாம் என்ஜினுக்கு மின்சாரக் கம்பியைச் செருகி வெதுவெதுப்பாக வைக்கிற ஊர்கள் உண்டு. லடாக்கில் டீசல் மெழுகுபோல் உறைந்துபோவதால் லாரிக்காரர்கள் தொட்டியின் அடியில் தீ மூட்டுவார்கள். எண்ணெயும் எரிபொருளும் கட்டிக்கொள்கிற குளிர் அது. நம்முடைய குளிர் மப்ளரோடு சரி.

ஆனாலும் பெரியவரின் பழக்கம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

சென்னை முதன்முதலில் மோட்டார் வண்டியைப் பார்த்தது 1901இல். பாரி கம்பெனியின் டைரக்டர் யார்க் என்ற துரை ஒரு காரை வரவழைத்து, அடையாற்றிலிருந்த தம் பங்களாவிலிருந்து பாரி முனைக்குத் தினமும் ஓட்டிக்கொண்டு போனார். பிறகு வண்டிகளுக்கு எண் கொடுக்கத் தொடங்கியபோது, எம்.சி.1 துறைமுகத்தைக் கட்டிக் காத்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் வண்டிக்குப் போயிற்று. எம்.சி.3 நம்பெருமாள் செட்டியாருடையது. எழும்பூரில் விக்டோரியா மண்டபம் போன்ற சிவப்புக் கட்டடங்களை எழுப்பியவர் அவர். இந்த ஊரில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்ற பெயரும் அவருக்கே. இதற்கிடையில் 1903இல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடுகிற கார் ஒன்றையே கட்டிவிட்டார்.

நீராவிக் காரை நினைத்துப் பாருங்கள். அடுப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து, ஆவி சேரும் வரை வண்டி நகராது. இட்லிப் பானையை ஏற்றிவிட்டுக் காத்திருப்பது மாதிரிதான். 'சூடு பண்ணிவிட்டுப் புறப்படு' என்பது அந்த வண்டிக்கு உபதேசமல்ல, பிழைப்பே அதுதான். பெட்ரோல் கார்களோ வேறு விதமாகப் படுத்தின. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி ஓங்கிச் சுற்றவேண்டும். குளிர்ந்த என்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதறும். சுற்றியவன் மணிக்கட்டு முறியும். 1912ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் கெட்டரிங் என்ற அமெரிக்கர் மின்சார ஸ்டார்ட்டரைப் பொருத்தி உலகத்தின் மணிக்கட்டுகளைக் காப்பாற்றினார். நம் ஊரில் அதற்குப் பிறகும் பல வருஷங்கள் ஹாண்டில் போடுவது நிற்கவில்லை. ஸ்டார்ட்டர் வாங்குவதைவிடக் கிளீனர் பையனை வைத்துக்கொள்வது மலிவாக இருந்தது.

கிளீனர் பையன் என்றதும் எனக்கு டிரைவர் தாத்தாவின் ஞாபகம் வருகிறது.

நான் பையனாக இருந்த காலத்தில் கொட்டிவாக்கம் இப்போதுபோல் அடுக்குமாடிக் காடாக இல்லை. குப்பத்தையும் சவுக்குத் தோப்பையும் தாண்டினால் மணல்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மகளோடு ஒரு கிழவர் இருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தெருப் பிள்ளைகளெல்லாம் அவரை டிரைவர் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் தகப்பனார் அப்போது ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருந்தார். வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961இலிருந்து செய்த வண்டி அது. ஓலை வேய்ந்த ஷெட்டில் நிற்கும். மழைக்காலத்தில் அதைக் கிளப்புவது ஒரு குடும்ப வைபவம். அப்பா சோக்கை இழுப்பார், அம்மா பிள்ளையாரை வேண்டிக்கொள்வாள், நான் தள்ளுவதற்குத் தயாராக நிற்பேன். தாத்தா மட்டும் முதலில் போய் ஷெட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து கல் வைத்துவிட்டு வருவார். யாராவது கதவைத் திறக்காமல் சாவியைத் திருகினால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஒரு நாள் கேட்டேன். அவர் கரி பஸ்ஸின் கதையைச் சொன்னார்.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா எண்ணெய் நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு விழுந்து, சென்னையே பாதி காலியாயிற்று. பெட்ரோல் பட்டாளத்துக்கு என்றாகிவிட்ட பிறகு பஸ்கள் என்ன குடித்து ஓடும்? கரி குடித்து ஓடின. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர இரும்புக் கொப்பரை ஒன்றை மாட்டுவார்கள். அதில் மரக்கரியைக் கொட்டி, மூச்சுத் திணறுகிற அளவுக்குக் கொஞ்சமாகக் காற்று விட்டு எரித்தால் ஒரு வாயு வரும். அதைக் குளிரவைத்து வடிகட்டி என்ஜினுக்குள் அனுப்பினால் பெட்ரோலுக்குப் பதில் அது வெடித்து வண்டியை இழுக்கும். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இப்படிப்பட்ட கரிவாயுக் கருவியைத் தானே வடிவமைத்துச் செய்து தந்தது. இந்த யோசனை நமக்கு மட்டும் தோன்றியதல்ல. இம்பேர் என்ற பிரெஞ்சு என்ஜினீயர் 1920களிலேயே விறகில் ஓடும் வண்டியைக் கண்டிருந்தார். யுத்த காலத்து ஐரோப்பாவில் இப்படி லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின.

"அது பஸ் இல்லை தம்பி, அடுப்பு. அடுப்புக்கு நாலு சக்கரம் வச்சிருந்துச்சு" என்பார் தாத்தா.

1943இல் அவருக்கு வயது பதினைந்து. ஒரு பஸ் முதலாளியிடம் கிளீனர். ஆறு மணிப் பஸ்ஸுக்கு நாலு மணிக்கே எழுந்துவிட வேண்டும். பழைய சாம்பலை வாரி, கரியைப் போட்டு, தீ வைத்து, பக்கத்திலிருக்கும் விசிறிச் சக்கரத்தைச் சுற்றவேண்டும். சுற்று, சுற்று என்று கால் மணி, அரை மணி. வாயு பிடித்துவிட்டதா என்று பார்க்க ஒரு குழாய் வாயில் நெருப்புக் குச்சியைக் காட்டுவார்கள். நீலமாக நின்று எரிந்தால் டிரைவர் ஏறலாம். குப்பென்று அணைந்தால் பையன் மறுபடியும் சுற்றலாம். இத்தனைக்கும் பிறகு வண்டிக்குப் பெட்ரோலில் இருந்த வலு இருக்காது. மேட்டில் ஆண் பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். கலியாணத்துக்கு வெள்ளை வேஷ்டியில் ஏறியவர்கள் கருப்பண்ணசாமியாக இறங்குவார்கள். இந்தப் பகுதியைத் தாத்தா நடித்தே காட்டுவார். நாங்கள் மணலில் உருண்டு சிரிப்போம்.

சிரிப்புக்கு இடமில்லாத பகுதி ஒன்றும் இருந்தது. அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார்.

கொப்பரையில் பிறக்கிற வாயுவில் கால் பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு. வண்டியை ஓட்டுவதே அதுதான். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் பிராணவாயு ஏறி உட்காரவேண்டிய ஆசனத்தில் அது இருநூறு மடங்கு ஆசையோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு தூக்கம். சுவீடனில் இந்த விஷத்தைப் பற்றி யுத்த காலத்திலேயே டாக்டர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். நம் கிளீனர் பையன்களைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? தினமும் காலையில் தலைவலிக்கும். கரிப்புகை பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் மார்கழியில் நல்ல பனி. தாத்தாவும் இன்னொரு பையனும் பஸ் ஷெட்டிலேயே படுப்பார்கள். கொப்பரையில் அடித் தணல் விடியும் வரை கனன்றுகொண்டிருக்கும். அதற்கு ஒட்டினாற்போல் படுத்தால் கம்பளி வேண்டாம். அன்று சாரலும் அடித்ததால் கதவைச் சாத்தி, சந்துக்குச் சாக்கை அடைத்துவிட்டுப் படுத்தார்கள். தாத்தாவுக்கு நடு ராத்திரியில் வயிற்றைப் புரட்டி, தவழ்ந்து வெளியே வந்து மண்ணில் விழுந்தார். அதனால் பிழைத்தார். மற்றவன் கொப்பரைக்கு இன்னும் நெருக்கமாகப் படுத்திருந்தான்.

"முகமெல்லாம் செவசெவன்னு இருந்துச்சு தம்பி. தூங்குறவன் மாதிரி. செத்தவன்னு யாரும் சொல்ல மாட்டாக" என்றார் தாத்தா.

ஆறு மணிப் பஸ் ஆறரைக்குப் போயிற்றாம். விசிறிச் சக்கரத்தைச் சுற்ற வேறு பையன் கிடைக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது.

யுத்தம் முடிந்தது, பெட்ரோல் திரும்ப வந்தது. கொப்பரைகளைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டார்கள். ஆனால் டிரைவர்களின் கையிலிருந்து பழக்கத்தைக் கழற்ற முடியவில்லை. முடியாததற்கு நியாயமும் இருந்தது. 1957இல் வந்த அம்பாசடராகட்டும், ஃபியட்டாகட்டும், எங்கள் ஹெரால்டாகட்டும், எல்லாம் கார்புரேட்டர் வண்டிகள். காற்றின் இழுப்பில் பெட்ரோல் தூவப்பட்டு உள்ளே போகவேண்டும். என்ஜின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் திவலையாக ஒட்டிக்கொள்ளும். உள்ளே போவது காற்றுதான். வண்டி இருமும், உதறும், தெரு முனையில் நின்றுவிடும். அதற்காகத்தான் சோக். காற்றை அடைத்துப் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கவைப்பது. இரண்டு மூன்று நிமிஷம் அப்படி ஓடி உடம்பு சுட்ட பிறகு சோக்கை உள்ளே தள்ளினால் வண்டி வழிக்கு வரும். அந்தக் காலத்து எண்ணெயும் கெட்டி. குளிரில் மேலேறச் சோம்பல்படும். ஆகவே 'சூடு பண்ணு' என்று சொன்ன நம் அப்பாக்கள் முட்டாள்கள் அல்ல.

வண்டிகள் மாறிவிட்டன என்பதுதான் விஷயம். 2000ஆம் வருஷத்தை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தபோது கார்புரேட்டர் நம் கார்களிலிருந்து போய்விட்டது. இப்போது எரிபொருளை ஊசி போல் பீச்சுகிறார்கள். என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஒரு சிறு கருவி பார்த்துச் சொல்ல, எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று ஒரு கணிதப் பெட்டி தானே தீர்மானிக்கிறது. எண்ணெய் சில விநாடிகளில் மேலே ஏறிவிடுகிறது. நின்றபடி ஓடும் என்ஜின் மெள்ளத்தான் சூடேறும்; மெதுவாக ஓட்டிச் சென்றால் சீக்கிரம் ஏறும். சூடேறாத நேரத்தில்தான் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடுகிறது. புகையைச் சுத்தம் செய்யும் கருவியும் சூடேறாமல் வேலை செய்யாது. அதாவது, பெரியவர் ஆயுளைக் கூட்டுவதாக நினைத்துச் செய்தது என்ஜினுக்கும் நல்லதல்ல. விடியற்காலையின் மிக மோசமான புகையும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வெளியே வந்தது. அரை நிமிஷம் போதும். பிறகு முதல் இரண்டு மைல் வேகமெடுக்காமல், என்ஜினை இரையவிடாமல் போகவேண்டும்.

இதையெல்லாம் நான் பெரியவருக்குச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொள்ளவில்லை.

"நாற்பது வருஷமா வண்டி வச்சிருக்கேன் சார்" என்றார்.

நாற்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் கணிதப் பெட்டி எம்மாத்திரம்! நான் எழுந்து வந்திருக்கலாம். ஏதோ தோன்றி, டிரைவர் தாத்தாவின் ஷெட்டுக் கதையைச் சொன்னேன். தரைத்தளத்துக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. திறந்த இடத்தில் ஒரு காரின் புகைக்கும் அடைத்த ஷெட்டின் கொப்பரைக்கும் வித்தியாசம் உண்டு என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கதை முடிந்ததும் அவர் சற்று நேரம் பேசவில்லை.

"அந்தப் பையனுக்கு என்ன வயசு?" என்றார்.

"பதிமூணோ பதினாலோ."

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பால்கனியில் நின்று பார்த்தேன். பெரியவர் முதலில் வெளி கேட்டைத் திறந்தார். காவற்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேருமாகக் காரைத் தெரு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தி, என்ஜினைக் கிளப்பி, மப்ளரை இறுக்கிக்கொண்டு, அங்கே பத்து நிமிஷம் சூடு பண்ணினார்.