கொம்பும் காலும்: மின்னூல் திருத்தத்தில் ரீஜெக்ஸ் கடந்துவந்த வழி

தமிழ் மின்னூல் ஒன்றில் 'வௌவால்' என்ற சொல்லைத் தேடுகிறோம். இல்லை என்கிறது கருவி. பக்கத்தைப் புரட்டினால் அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறது. தட்டச்சு செய்தவர் ஔகாரக் குறியைப் போடாமல், ஒற்றைக்கொம்பையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துப் போட்டிருக்கிறார். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கோ அவை வேறு வேறு எண்கள். இத்தகைய பிழைகளை நூல் முழுவதும் தேடித் திருத்த இன்று கையாளப்படுவது ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரீஜெக்ஸ். குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தேடாமல், 'இன்ன வடிவில் வரும் எதுவும்' என்று வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை அது. இம்முறை தான் வளர்ந்த இடங்களின் அனுமானங்களையும் சுமந்தே மின்னூலுக்கு வந்தது என்பதும், தமிழ் நூல்களில் அவை வெளிப்படையாகத் தெரிகின்றன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் எழுத்துலகில் இல்லை. 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்பணுக்களின் வலையைக் கணித வடிவில் விவரித்தார்கள். அத்தகைய வலை எந்தெந்த நிகழ்வுத் தொடர்களை அடையாளம் காண முடியும் என்ற கேள்வியை ஸ்டீபன் கிளீனி எடுத்துக்கொண்டார். 1951-இல் ராண்டு நிறுவனத்துக்காக அவர் எழுதிய குறிப்பு 1956-இல் நூலொன்றில் கட்டுரையாக வெளிவந்தது. 'இது எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம்' என்பதைக் குறிக்கும் * அங்கிருந்து வந்தது. 'ரெகுலர்' என்ற பெயரில் கிளீனிக்கே நிறைவில்லை. இதைவிடப் பொருத்தமான பெயர் இருந்தால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே கேட்டிருந்தார். யாரும் மாற்றவில்லை.

1968-இல் கென் தாம்ப்சன் இந்தக் கணிதத்தைத் தேடல் நிரலாக மாற்றும் வழியை வெளியிட்டார். யூனிக்ஸின் 'எட்' தொகுப்பானும் அதிலிருந்து பிறந்த 'கிரெப்' கட்டளையும் அதை நாள்தோறும் புழங்கும் கருவியாக்கின. அவை உரையை வரி வரியாகப் படித்தன. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை: எந்தக் குறியோடும் பொருந்தும் '.' என்ற அடையாளம், தனியாகச் சொல்லாவிட்டால், வரிமுறிவோடு மட்டும் பொருந்தாது.

வரிமுறிவுதான் மின்னூலின் முதல் சிக்கலும் ஆயிற்று. 1971-இல் மைக்கேல் ஹார்ட் இலினாய் பல்கலைக்கழகக் கணினியில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைத் தட்டச்சு செய்து குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டத்தின் வெற்றுரைக் கோப்புகளில் ஒவ்வொரு வரியும் திரையின் அகலத்துக்கேற்ப முறிக்கப்பட்டிருந்தது. சாய்வெழுத்துக்கு வழியில்லாததால் சொல்லின் இருபுறமும் அடிக்கோடு இட்டார்கள். பின்னாளில் அக்கோப்புகளை மின்னூலாக்கியவர்கள் செய்த வேலை, இழந்த அமைப்பை மீட்டெடுப்பது. அடிக்கோடுகளுக்கு _([^_]+)_ என்ற வடிவம் போதும். நடுவில் சிக்கிய சொல்லைச் சாய்வெழுத்து டேக்குக்குள் மாற்றிவிடலாம். வரிகளை இணைப்பதும் எளிதாகவே தோன்றும்: அடுத்து வெற்று வரி இல்லாத ஒவ்வொரு முறிவையும் இடைவெளியாக்கினால் பத்தி கிடைக்கும். அதே விதி செய்யுளின் மேல் ஓடினால் வெண்பாவின் நான்கு அடிகளும் ஒரே பத்தியாகிவிடும். அகலத்துக்காக விழுந்த முறிவுக்கும் யாப்புக்காக விழுந்த முறிவுக்கும் கோப்பில் வேறுபாடு இல்லை. இதைப் பிரித்தறிய இன்றும் படிப்பவரைத் தவிர வேறு நம்பகமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழியும், குறிப்பாக 1994-இன் ஐந்தாம் பதிப்பும், ரீஜெக்ஸை கிளீனியின் கணித எல்லைக்கு அப்பால் கொண்டுபோயின. '*' அகப்பட்டதையெல்லாம் விழுங்காமல் தேவையான அளவோடு நிற்க '*?' வந்தது. 'இதற்கு அடுத்து இன்னது வராதபோது மட்டும்' என்ற நிபந்தனையும் வந்தது. மின்னூல் திருத்துவோருக்கு மிக அதிகமாகக் கைகொடுப்பவை இவ்விரண்டும்.

2007-இல் ஈபப் தரம் அறிவிக்கப்பட்டபோது மின்னூல், எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகளும் சிஎஸ்எஸ் பாணித்தாள்களும் அடங்கிய பொதியாயிற்று. 2006-இல் சோனியின் மின்னூல் வாசிப்புக் கருவியொன்றை லினக்ஸில் இயக்க கோவிட் கோயல் தொடங்கிய முயற்சி காலிபர் மென்பொருளாக வளர்ந்தது. 2009-இல் சிகில் என்ற மின்னூல் தொகுப்பான் வந்தது. இரண்டிலும் ரீஜெக்ஸ் தேடல் உண்டு. இப்போது சிக்கல் தலைகீழானது: அமைப்பு இல்லாத குறை போய், தேவையற்ற அமைப்பு குவிந்தது. சொல்செயலியிலிருந்து வந்த கோப்பில் பத்திக்குப் பத்தி எழுத்துருப் பெயரும் அளவும் ஒட்டியிருக்கும். இயல் தலைப்பு வெறும் தடித்த, நடுவிலிட்ட பத்தியாக இருக்கும்; அதைத் தலைப்பு டேக்காக மாற்றினால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். தலைப்பின் தோற்றத்தைப் பாணித்தாளில் ஒரே இடத்தில் தீர்மானிக்கலாம். ஆனால் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்ட டேக்குகளில், எந்தத் திறப்புக்கு எது மூடல் என்று எண்ணிச் சொல்வது கிளீனி வரையறுத்த வகைக்கு இயலாத வேலை. பெர்லுக்குப் பின் வந்த நீட்சிகளால் முடியும் என்றாலும், அதை அவற்றிடம் விடாமல் டேக்குகளைப் பகுத்துப் படிக்கும் நிரலிடம் விடுவதே நல்லது.

தமிழுக்கு வருவோம். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்க கால நூல்கள் டிஸ்கி குறியாக்கத்தில் இருந்தன. அதில் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி, மெய்யெழுத்துக்கு முன்னே நிற்கும். யூனிகோடில் பின்னே நிற்க வேண்டும். குறிகளை ஒன்றுக்கொன்று மாற்றியபின் இடம் மாற்றுவதற்கு ஒரு விதி: கொம்பு ஒன்று, அடுத்து [க-ஹ] வரிசையில் ஓர் எழுத்து என்று தேடி, இரண்டாவதை முன்னும் முதலாவதைப் பின்னுமாக $2$1 என்று திருப்பிப் போடுவது. இதில் வரிசைமுறை முக்கியம். கொம்பும் காலும் சேர்ந்த ஒகரத்தை முதலில் கவனிக்காவிட்டால், 'கொ' பார்வைக்குச் சரியாக இருந்தும் இரண்டு குறிகளாகப் பிளந்து கிடக்கும். முடிந்த கோப்பில் விதியை மறுபடி ஓட்டினால் 'கெட' என்பது 'கடெ' ஆகிவிடும்.

அடிப்படைச் சிக்கல் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஒரு குறி என்றால் ஓர் எழுத்து என்ற ஆங்கிலச் சூழலின் அனுமானம் ரீஜெக்ஸில் ஊறியது. பைத்தான் மொழியின் வழக்கமான ரீஜெக்ஸ் தொகுதியில் 'சொல்லெழுத்து' என்ற வகைக்குள் உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் சேரா. அதனிடம் 'தமிழ்' என்பதைச் சொல்லாகப் பிரிக்கச் சொன்னால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளைத் தரும். தமிழ் மரபில் 'மி' ஓரெழுத்து என்பதில் ஐயமே இல்லை. கருவிக்கு அது ஓரெழுத்தும் ஓர் ஒட்டும்.

தொடக்கத்தில் சொன்ன வௌவாலை இனிச் சரிசெய்யலாம். கொம்பும் 'ள'வும் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக்கினால் 'வெள்ளம்', 'தெளிவு', 'கெளுத்தி' மூன்றும் சிதையும். எனவே பெர்ல் தந்த நிபந்தனையைச் சேர்க்கிறோம்: 'ள'வுக்கு அடுத்து உயிர்க்குறியோ மெய்ப்புள்ளியோ வராதபோது மட்டும். இப்போது மூன்றும் தப்பின. 'கௌரவம்', 'வௌவால்' திருந்தின. ஆனால் கதைமாந்தர் ஒருவர் 'ஒண்ணும் வெளங்கல' என்று சொல்லும் வட்டார வழக்கு நாவலில் அந்த விதி ஓடினால், அவர் பேச்சு 'வௌங்கல' என்றாகும். பார்வைக்கு எந்த மாற்றமும் இராது. மெய்ப்புப் பார்ப்பவரும் கடந்துபோவார். பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதை வேறாக ஒலித்துக் காட்டும்போதுதான் பிழை வெளிவரும். அதனால் இந்த ஒரு விதியை மட்டுமாவது 'அனைத்தையும் மாற்று' என்ற பொத்தானிடம் ஒப்படைக்காமல், ஒவ்வோர் இடமாக நின்று, சொல்லைப் படித்து, ஒப்புதல் தந்து நகர வேண்டியிருக்கிறது.