அலங்கார மின்விளக்குகளும் மின்கம்பி அமைப்பும்: ஓசூர் எல்லைப் பகுதி வழியாக ஒரு வரலாறு

விழாக் காலங்களில் கோயில், தெரு, வீட்டு முகப்பு ஆகியவற்றில் வரிசையாகக் கோத்துத் தொங்கவிடப்படும் சிறு விளக்குகள் அலங்கார மின்விளக்குகள் எனப்படும். தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் இவற்றைச் ‘சீரியல் செட்’, ‘சீரியல் லைட்’ என்பர். முற்காலத்தில் தீவட்டியும் அகல் விளக்கும், பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கும் செய்த வேலையை 20ஆம் நூற்றாண்டில் இவை ஏற்றுக்கொண்டன. இன்று பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகளே பயன்படுகின்றன.

ஓர் அலங்கார விளக்கு வரிசையை அமைக்கும்போது விடை காண வேண்டிய அடிப்படைக் கேள்வி, மின்சாரத்தை எந்த அழுத்தத்தில், எவ்வளவு தூரம், எவ்வளவு தடிமனான கம்பியில் கொண்டு செல்வது என்பதாகும். இதே கேள்விக்கு மிகப் பெரிய அளவில் விடை கண்ட தொடக்ககால இந்திய முயற்சிகளுள் ஒன்று, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய நிலப்பரப்பில் நடந்தது.

சிவனசமுத்திரம் – கோலார் மின்தடம்

மைசூர் சமஸ்தானத்தின் கோலார் தங்கவயலில் சுரங்க வேலைக்கு நீராவி இயந்திரங்கள் பயன்பட்டு வந்தன. அவற்றுக்கான எரிபொருளைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது, செலவு மிகுந்தது. காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தைப் பொறியாளர் ஜோலி டி லொட்பினியர் முன்னெடுத்தார். திவான் கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டம் உறுதி பெற்றது. சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனம் நீர்ச்சுழலிகளையும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் மின்னாக்கிகளையும் வழங்கின. 1902 ஜூன் மாத இறுதியில் மின்சாரம் தங்கவயலை அடைந்தது.

மின்தடத்தின் நீளம் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் இதுவும் ஒன்று. வரைபடத்தில் சிவனசமுத்திரத்தையும் தங்கவயலையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு தளி, ஓசூர் வட்டாரத்தை ஒட்டிச் செல்லும். அப்பகுதி அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது.

இத்தடம் ஏறத்தாழ 30,000 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கியது. ஒரே அளவு மின்திறனை அனுப்பும்போது, மின்னழுத்தத்தை உயர்த்தினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனோ மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 220 வோல்ட்டில் அனுப்புவதற்கு மாறாக 30,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 136இல் ஒரு பங்காகும். அதே கம்பியில் ஏற்படும் இழப்பு சுமார் 18,600இல் ஒரு பங்காகும். இக்கணக்கு இல்லையேல் 148 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரத்தை அனுப்பியிருக்க முடியாது.

1905 ஆகஸ்டில் இதே மின்சாரத்தைக் கொண்டு பெங்களூரில் மின் தெருவிளக்குகள் எரிந்தன. சுரங்கத்துக்காக வந்த மின்சாரம் நகர வாழ்க்கைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

எல்லையின் இந்தப் பக்கம்

சென்னை மாகாணத்தில் பெரிய நீர்மின் திட்டங்கள் பிற்பாடே வந்தன. நீலகிரியின் பைக்காரா மின்நிலையம் 1932இலும், மேட்டூர் அணை மின்நிலையம் 1937இலும் மின்னுற்பத்தியைத் தொடங்கின. 1957இல் மாநில மின்சார வாரியம் உருவான பின்னர் ஊரகப் பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் பணி விரைந்தது. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன.

1970களில் சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகத்தை அமைத்தது. 1980களில் வாகனம், கைக்கடிகாரம் ஆகியவற்றின் பெருந்தொழிற்சாலைகளும் அவற்றைச் சார்ந்த சிறு பட்டறைகளும் பெருகின. ஊர்த் திருவிழா, சந்திரசூடேசுவரர் கோயில் தேர்த் திருவிழா, தீபாவளி ஆகியவற்றோடு பட்டறைகளின் ஆயுத பூசையும் விளக்கு அலங்காரத்துக்குரிய நாளாயிற்று.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் கோலார் மீண்டும் இந்த வரலாற்றில் இடம்பெற்றது. 2003இல் ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கோலாருக்கு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் நீளமான 500 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடம் இயங்கத் தொடங்கியது. கோலாரிலிருந்து 400 கிலோவோல்ட் தடங்கள் ஓசூரை இணைக்கின்றன. தூரம் கூடியபோது அழுத்தமும் கூடியது. 1902இன் கணக்கு மாறவில்லை.

தொடரிணைப்பின் காலம்

அலங்கார மின்விளக்கின் தொடக்கம் 1882 டிசம்பர். எடிசனின் கூட்டாளியான எட்வர்டு ஜான்சன் நியூயார்க்கில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தை 80 சிறு மின்விளக்குகளால் அலங்கரித்தார். 1903இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் எட்டு விளக்குகள் கோத்த ஆயத்த வரிசைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிவனசமுத்திரத்துக்கு மின்னாக்கி வழங்கியதும் இதே நிறுவனம்தான்.

இத்தகைய வரிசையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் அமைந்திருக்கும். ‘சீரியல்’ என்ற பேச்சுவழக்குச் சொல்லில் ஒலிப்பது தொடரிணைப்பைக் குறிக்கும் ‘சீரீஸ்’ என்ற சொல்லே. 6 வோல்ட் டார்ச் பல்புகள் 40ஐ வரிசையாகக் கோத்து 230 வோல்ட் மின்சாரத்தில் இணைத்தால், ஒவ்வொரு பல்புக்கும் 5.75 வோல்ட் கிடைக்கும். மின்மாற்றி தேவையில்லை, மெல்லிய கம்பியே போதும். இந்த மலிவுதான் சீரியல் செட்டை எளிய வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது.

இந்த அமைப்பில் இரு குறைகள் இருந்தன. ஒரு பல்பின் இழை அறுந்தால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். அதைவிட ஆபத்தானது அடுத்தது: சுற்று துண்டிக்கப்பட்ட இடத்தின் இரு முனைகளுக்கிடையே 230 வோல்ட்டும் முழுமையாக நிற்கும். ‘ஆறு வோல்ட் பல்புதானே’ என்று பழுதான பல்பைத் தேடித் தொட்டவர் உண்மையில் வீட்டு மின்சாரத்தையே தொட்டார். பழுதான பல்பை நீக்கிக் கம்பிகளை முறுக்கி இணைத்தால், மீதமுள்ள பல்புகளின் மீது அழுத்தம் கூடி அவையும் விரைவில் கருகின. பிற்காலச் சிறு பல்புகளுக்குள் ஒரு மாற்றுக் கம்பி வைக்கப்பட்டது. இழை அறுந்ததும் அக்கம்பி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவதால் மற்ற பல்புகள் தொடர்ந்து எரிந்தன.

கோயில் முகப்புகளிலும் பந்தல்களிலும் வண்ணமயமான ‘ஜீரோ வாட்’ பல்புகள் பக்க இணைப்பில் தொங்கின. பெயர் அப்படியிருந்தாலும் அத்தகைய பல்பு உண்மையில் ஏறத்தாழ 15 வாட் எடுத்துக்கொள்ளும். 100 பல்புகளுக்கு 1,500 வாட், மின்னோட்டம் 6.5 ஆம்பியர். 5 ஆம்பியர் அளவுக்கு அமைந்த வீட்டு விளக்குச் சுற்று இதைத் தாங்காது. ஆகவே பந்தல்காரர்கள் தனி இணைப்பு எடுத்தனர். முறையான தற்காலிக இணைப்பு பெறாத இடங்களில் மின்கம்பத்தில் ‘கொக்கி போடும்’ வழக்கமும் இருந்தது. அது சட்டப்படி மின்திருட்டு, உயிருக்கும் ஆபத்தானது.

எல்.இ.டி.யின் வருகை

1962இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். நீல ஒளி கிடைக்காததால் வெண்ணிற ஒளியும் நெடுங்காலம் எட்டாமல் இருந்தது. ஜப்பானிய அறிவியலாளர்கள் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா ஆகியோரின் உழைப்பால் 1990களின் தொடக்கத்தில் ஒளிமிக்க நீல எல்.இ.டி. சாத்தியமானது. 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இம்மூவருக்கும் வழங்கப்பட்டது. இந்தியாவில் 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் எல்.இ.டி. பல்புகளை மலிவாகப் பரவச் செய்தது.

அலங்கார விளக்குகளில் அடுத்த மாற்றம் ‘பிக்சல்’ வகை. இதில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எல்.இ.டி.களும் ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கும். ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றலாம். இவை 5 அல்லது 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குகின்றன.

தாழ்ந்த அழுத்தத்தின் கணக்கு

பரவலாக விற்கும் 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெண்ணிறத்தில் எரியும்போது ஏறத்தாழ 60 மில்லிஆம்பியர் எடுக்கும். 500 பிக்சல் கொண்ட வீட்டு முகப்புக்கு 30 ஆம்பியர், அதாவது 150 வாட் தேவை. ஆறு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டுக்குக் குறைவே. 100 ஜீரோ வாட் பல்புகள் அதே நேரத்தில் 9 யூனிட் எடுத்திருக்கும்.

230 வோல்ட் பக்கத்தில் இந்த அமைப்பு எடுப்பது ஒரு ஆம்பியருக்கும் குறைவு. வீட்டின் எந்தப் பிளக்கும் தாங்கும். ஆனால் 5 வோல்ட் பக்கத்தில் 30 ஆம்பியர் ஓடுகிறது. சிவனசமுத்திரத்துப் பொறியாளர்கள் உயர்ந்த அழுத்தத்தால் தவிர்த்த இடர் இங்கே தலைகீழாகத் திரும்பி வருகிறது.

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம். மின்வழங்கியிலிருந்து 10 மீட்டர் தொலைவிலுள்ள 100 பிக்சலுக்குப் போக ஒன்றும் வர ஒன்றுமாக 20 மீட்டர் கம்பி வேண்டும், தடை 0.36 ஓம். கணக்கின்படி:

5 வோல்ட்டில் 30 வாட் அனுப்ப 6 ஆம்பியர் வேண்டும். கம்பியில் 2.16 வோல்ட் குறையும். அதாவது அழுத்தத்தில் 43 விழுக்காடு வழியிலேயே போய்விடும்.

12 வோல்ட்டில் 2.5 ஆம்பியர் போதும். குறைவு 0.9 வோல்ட், 7.5 விழுக்காடு.

230 வோல்ட்டில் 0.13 ஆம்பியர். குறைவு 0.05 வோல்ட், பொருட்படுத்தத் தேவையில்லை.

வரிசையின் கடைசியில் வெண்ணிறம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மங்குவது இதனால்தான். நீல, பச்சை எல்.இ.டி.களுக்குச் சிவப்பைவிடக் கூடுதல் அழுத்தம் தேவை. அழுத்தம் குறையும்போது அவை முதலில் மங்கிவிட, சிவப்பு மட்டும் மிஞ்சுகிறது.

வீட்டுக்கான திட்டமிடல்

இக்கணக்கிலிருந்து வீட்டு அலங்காரத்துக்கான நடைமுறை கிடைக்கிறது. முதலில் மொத்த மின்திறனைக் கணக்கிட வேண்டும். மின்வழங்கியை அதன் அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுமையேற்றக் கூடாது. 150 வாட் தேவைக்கு 200 வாட் வழங்கி பொருத்தமானது. தொலைவுக்கு 230 வோல்ட்டைப் பாதுகாப்பான கேபிளில் கொண்டு சென்று, விளக்குகளுக்கு அருகில், மழை படாத பெட்டிக்குள் மின்வழங்கியை வைக்க வேண்டும். தொலைவைக் குறைக்க முடியாவிட்டால் 12 வோல்ட் வகையைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது தடிமனான கம்பியைப் பயன்படுத்தலாம். நீண்ட வரிசைக்கு ஒரு முனையில் மட்டுமன்றி இடையிடையேயும் மின்சாரம் ஊட்ட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வழங்கிகள் இருந்தால் எதிர்முனைகள் பொதுவாகவும் நேர்முனைகள் தனித்தனியாகவும் இருக்க வேண்டும்.

5 வோல்ட் மின்சாரம் உடலைத் தாக்காது. ஆயினும் மெல்லிய கம்பியில் 30 ஆம்பியர் ஓடினால் அது சூடேறித் தீப்பிடிக்கும். எனவே ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பியூஸ் தேவை.

மலிவான எல்.இ.டி. சீரியல் செட்டுகள் இதற்கு மாறானவை. பலவற்றில் மின்மாற்றி இல்லை, எல்.இ.டி.கள் பழைய பல்புகளைப் போலவே தொடராகக் கோக்கப்பட்டு நேரடியாக 230 வோல்ட்டில் இணைந்திருக்கும. விளக்கு சிறிது என்பதால் கம்பி பாதுகாப்பானது ஆகிவிடாது. தீபாவளியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றன. ஈரச் சுவரிலும் இரும்புக் கம்பிக் கதவிலும் இவற்றைச் சுற்றும்போது, உரிந்த இடம் ஒன்றே மின்னதிர்ச்சிக்குப் போதும். முறையான எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் இங்குதான் உயிர் காக்கின்றன. எம்.சி.பி. கூடுதல் மின்னோட்டத்தை மட்டுமே தடுக்கும். உடல் வழியே பாயும் சிறு கசிவை அது அறியாது.

விழா விளக்கும் உயரழுத்தக் கம்பியும்

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் ஊர்வலம் நடந்தது. தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். தொலைவைக் கடக்க உயர்ந்த அழுத்தம் வேண்டும். மனிதர் நெருங்கும் இடத்தில் அதே அழுத்தம் உயிரைப் பறிக்கும்.

1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், 1956ஆம் ஆண்டின் மின்சார விதிகள், 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் ஆகியவற்றின் வழியே வளர்ந்த பாதுகாப்பு முறைகள் இந்த இரண்டு தேவைகளையும் சமன்செய்ய முயல்கின்றன. உயரழுத்தக் கம்பி தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் செல்ல வேண்டும், வீட்டுக்கு வருமுன் மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் கசிவுத் துண்டிப்பு இருக்க வேண்டும் என்பவை அவற்றின் சாரம். 230 வோல்ட் கம்பியைக் காப்பிட்டு எட்டாத இடத்தில் செலுத்தி, கை படும் இடத்தில் 5 அல்லது 12 வோல்ட்டாகக் குறைக்கும் வீட்டு எல்.இ.டி. அலங்காரமும் இதே ஒழுங்கைச் சிறிய அளவில் பின்பற்றுவதே.